அவள விடுங்க, அவ போடமாட்டா

மில்ஸ்டோன், இண்டியானா
மே 20

ஸகியா பரெல் அவர்களுக்கு,

எங்கள் கூடைப்பந்து அணிக்கு உங்களை வரவேற்கிறேன். என் பெயர் ஹேட்டி ஆஸ்டர்மன். வருகிற ஆகஸ்டில் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அணியில் பாயிண்ட் கார்டு. பந்தை மேலே கொண்டுபோவதும், அதை யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வதும் என் வேலை. இது உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்களும் அதே இடத்தில்தான் ஆடுகிறீர்கள்.

எங்கள் கோச் பெல்க் அம்மையாருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேறு கல்லூரியிலிருந்து யார் மாறி வந்தாலும், அந்த இடத்தில் ஏற்கெனவே ஆடுகிறவள்தான் வரவேற்புக் கடிதம் எழுத வேண்டும். அதுவும் கையால். "போன்ல கட்டைவிரலால தட்டுறதுக்குப் பேரு வரவேற்பு இல்லடி. பேனாவ எடு," என்பார். ஆகஸ்ட் வரை உங்கள் போன் எண்ணையும் எனக்குத் தரமாட்டாராம். ஆகவே எழுதுகிறேன்.

விடுதி வசதியாக இருக்கும். சாப்பாடு பரவாயில்லை, செவ்வாய்க்கிழமை மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். குளிர்காலம் நீளம். ஆட்டம் என்றால் ஊரே வந்து உட்காரும். பலசரக்குக் கடைக்காரர் முதல் பல் மருத்துவர் வரை, நீங்கள் கோட்டைவிட்ட பந்தைப் பற்றி உங்களிடமே விசாரிப்பார்கள். பல் மருத்துவர் உங்கள் வாயில் கருவியை வைத்துக்கொண்டே விசாரிப்பார்.

கோச் சொல்லச் சொன்னது இத்துடன் முடிந்தது. இனி நான் சொல்வது. களத்தில் ஐந்து பேர் இருந்தாலும் பாயிண்ட் கார்டு ஒருத்திதான். அந்த இடம் இப்போது என்னிடம் இருக்கிறது. விட்டுக்கொடுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

ஹேட்டி ஆஸ்டர்மன்

*

பிலடெல்பியா
மே 29

ஹேட்டி,

உன் கடிதத்தை முதலில் பிரித்தது என் அம்மா. எங்கள் வீட்டுக்குக் கையால் எழுதிய கடிதம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. யாரோ போய்விட்டார்கள் என்று பயந்து, பேருந்து ஓட்டிவிட்டு வந்த சீருடையைக்கூட மாற்றாமல் வாசலிலேயே நின்று படித்திருக்கிறாள். "பொண்ணு ரொம்ப மரியாதையா ஆரம்பிச்சு, கடைசில கத்திய எடுத்துட்டாடி! எனக்கு இவளப் புடிச்சிருக்கு. கையால எழுதினவளுக்குக் கையாலதான் பதில் போடணும். உக்காரு," என்றாள். உட்கார்ந்தேன். நீயும் நானும் ஒரே வயது. அதனால் 'நீங்கள்' எல்லாம் என்னால் ஆகாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் கோச் என்னை அழைத்தபோது இரண்டே வாக்கியம்தான் சொன்னார். "என்கிட்ட பாஸ் குடுக்கத் தெரிஞ்சவ இருக்கா. ஷாட் போடத் தெரிஞ்சவ இல்ல."

பிறகு உங்கள் கடைசி ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அடியே, கடைசிப் பத்து நிமிஷம் உன்னை யாருமே மறிக்கவில்லை! உன்னைத் தடுக்க வேண்டியவள் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வளையத்தடியில் நிற்கிற உங்கள் சென்டர் மேல் போய் விழுகிறாள். எதிரணிக் கோச் கத்தியது டிவியிலேயே கேட்டது. "அவள விடுங்க, அவ போடமாட்டா!" அவர் சொன்னது போலவே நீயும் போடவில்லை. வளையம் உன் எதிரே வெட்ட வெளியாக இருக்கிறது. நீ பந்தை இரண்டு பேர் நடுவில் மாட்டியிருந்த சென்டரிடம் கொடுக்கிறாய். பறித்துக்கொண்டு போனார்கள்.

நான் போடுவேன். எங்கிருந்தும் போடுவேன். அந்த இடத்தைத் துடைத்து வை, வருகிறேன்.

ஸகியா

(அம்மா ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டே கேட்கிறாள், செவ்வாய்க்கிழமை அப்படி என்னதான் போடுகிறார்கள்?)

*

மில்ஸ்டோன்
ஜூன் 9

ஸகியா,

செவ்வாய்க்கிழமை மீன் போடுகிறார்கள். கடலுக்கும் எங்களுக்கும் ரொம்பத் தூரம்.

உன் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, பிறகு எடுத்து நீவிப் படித்தேன். நீ எழுதியது எல்லாம் உண்மை. அந்தக் கோச் கத்தியது எனக்கும் கேட்டது. அதைவிட மோசமான ஒன்றைச் சொல்லட்டுமா? கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அவரே சொல்லிவிட்டார், இனி நான் போட வேண்டாம் என்கிற நிம்மதி. உங்கள் சென்டர் என்று எழுதினாயே, அவள் பெயர் கார்லிஸ். லாக்கர் அறையில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "உனக்குப் பயமா இருந்துச்சு. அந்தப் பயத்தத் தூக்கி என் கைல குடுத்துட்ட," என்றாள். 

அவளுக்கு என் பதில் இதுதான். தினமும் காலையில் வயலுக்குப் போவதற்கு முன், எங்கள் களஞ்சியச் சுவரில் அப்பா அடித்துக் கொடுத்த வளையத்தில் போடுகிறேன். மாலையிலும் போடுகிறேன். கை தானாகவே போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூட ஜிம்மில் இந்த வாரம் முழுக்கத் தரைக்கு மெருகு பூசுகிறார்கள், அதனால் களஞ்சியம்தான் கதி. அங்கே நான் போட்டால் விழும்.

நீ என் பதிவைப் பார்த்தாய் அல்லவா? நானும் உன்னுடையதைப் பார்த்தேன். பிப்ரவரியில் நீ முப்பத்தொரு புள்ளி எடுத்த ஆட்டம். உன் அணி தோற்றது. இடது பக்கம் ஒருத்தி கையை ஆட்டி ஆட்டிக் களைத்துப்போய், கடைசியில் கையைக் கீழே போட்டுவிட்டாள். நீ பந்தைப் போட்டதும் உன் கூட ஆடியவர்கள் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. கவனித்தாயா? கவனித்திருக்கமாட்டாய். நீ வளையத்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

இடத்தைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். எனக்காக.

ஹேட்டி

*

பிலடெல்பியா
ஜூன் 20

ஹேட்டி,

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெற்ற மகளுக்காகக் கொஞ்சமாவது கோபப்படக் கூடாதா?

இடது பக்கம் கையை ஆட்டியவள் பெயர் ரேனே. அந்தக் கல்லூரியில் என்னுடன் ஒரே அறையில் இருந்தவள். நான் மாறிப் போகிறேன் என்றதும், "போற இடத்துலயாவது ரெண்டு பேருக்குப் பந்தக் காட்டு," என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் பதிவை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அவள் கை கீழே விழுகிற இடத்தில் நிறுத்தினேன். எனக்கு நிஜமாகவே வலித்தது, ஹேட்டி.

சனிக்கிழமை எங்கள் தெரு மைதானத்தில் ஆட்டம். இன்றைக்கு ஷாட்டே போடுவதில்லை, பாஸ் மட்டும்தான் என்று தீர்மானம் செய்துகொண்டு இறங்கினேன். முதல் பாஸ் வேலிக்கு வெளியே போய், ஐஸ் விற்கிறவரின் வண்டியில் விழுந்தது. இரண்டாவது என் அணிக்காரியின் மூக்கில். "எனக்கா? எனக்காடி கொடுத்தே?" என்று ரத்தம் வழிகிற மூக்கைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகக் கேட்கிறாள். வேலியோரம் நின்றவர்கள் எல்லாம், "பரெல் பாஸ் குடுத்துட்டா! ஆம்புலன்ஸக் கூப்பிடு!" என்று ஒரே கூச்சல். மானம் போயிற்று.

ஆகவே ஒரு பேரம். எப்படிப் பார்க்கிறாய் என்று நீ சொல். உன் ஷாட்டில் என்ன கோளாறு என்று நான் சொல்கிறேன். சொல்லிக் கொடுத்துவிட்டாலும் உன்னைத் தோற்கடிப்பேன், அதில் மாற்றம் இல்லை.

ஸகியா

*

மில்ஸ்டோன்
ஜூலை 1

ஸகியா,

மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதாக அவளிடம் சொல்.

பேரத்துக்குச் சம்மதம். நீ உன் அணிக்காரியைத் தேடுகிறாய், அதுதான் தப்பு. அவளைப் பார்த்தால் எதிராளியும் உன் கண் போகிற பக்கம் திரும்பிவிடுவாள். நான் தடுக்கிறவர்களைத்தான் பார்ப்பேன். யார் சட்டென்று நகர முடியாதபடி குதிகாலை ஊன்றி நிற்கிறாள், யார் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிறாள், யார் தன் கோச்சிடம் திட்டு வாங்கிவிட்டு இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி ஒருத்தி கிடைத்தால், அவள் தடுக்க வேண்டிய நம் ஆள் தனியாக நிற்பாள். பந்து அங்கே போக வேண்டும். கொஞ்சம் பொல்லாத மனசு இருந்தால் போதும். உனக்கு இருக்கிறது.

இனி என் ஷாட். இதில் எனக்கே ஒன்று புரியவில்லை. களஞ்சியத்தில் போட்டால் சத்தமே இல்லாமல் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஊர் ஜிம்மில் பெரியவர்கள் ஆடுவார்கள், அவர்களோடு சேர்ந்து ஆடுகிறேன். அங்கே போட்டால் ஒவ்வொன்றும் வளையத்தின் முன் விளிம்பில் இடித்துத் திரும்பி வருகிறது. விதை வியாபாரம் செய்கிற கர்ட் என்று ஒருவர், தொந்தியும் முழங்கால் பட்டியுமாக வருவார். "ஹேட்டி, பந்துக்கு இன்னிக்கு சோறு போடலையா? பாதி வழியிலயே உக்காந்துடுது," என்கிறார். என்னைத் தடுக்க வேண்டியவர் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார். ஆட்டத்தின் நடுவில்!

வீட்டில் ராணி, வெளியே விருந்தாளி. என்ன கோளாறு?

ஹேட்டி

*

பிலடெல்பியா
ஜூலை 9

ஹேட்டி,

எல்லாமே முன் விளிம்பில் என்றாயே, அதுவே பதில். பயந்து போடுகிறவளின் பந்து இடம் வலம் என்று சிதறும். ஒரே மாதிரி குறைகிறது என்றால் உன் கை சரி. உன் வீட்டு வளையம்தான் பொய் சொல்கிறது. அப்பாவிடம் அளக்கிற நாடா இருக்கும், எடுத்து அளந்து பார். பத்தடி இருக்க வேண்டும்.

இன்னொன்று. முழங்காலை இன்னும் மடக்கு. பந்துக்குத் தெம்பு காலிலிருந்துதான் வரும்.

நீ சொன்னபடி பார்த்தேன். மூச்சு வாங்குகிறவளைத் தேடினேன். ஹேட்டி, அது நிஜமாகவே தெரிகிறது! கண் டாக்டரிடம் போய் முதன்முதலில் கண்ணாடி போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. என் பாஸை வைத்து நாலைந்து பேர் புள்ளி எடுத்தார்கள். மூக்குக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். அப்போதும் வேலியோரத்தில் ஒருவன், "இது பரெல் இல்ல, அவ தங்கச்சி," என்றான். எனக்குத் தங்கச்சியே கிடையாது.

ஸகியா

*

மில்ஸ்டோன்
ஜூலை 17

ஸகியா,

அளந்தேன். ஒரு கை அகலத்துக்கும் மேலே குறைச்சல்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வளையத்த நான் தொடவே இல்லம்மா. மார்ச்சுல லாரி சேத்துல மாட்டுதுன்னு முற்றத்துல சரளை கொட்டினேன். போன வருசமும் கொட்டினேன். அதுக்கு முந்தின வருசமும்..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். வளையம் இறங்கவில்லை, தரைதான் ஏறியிருக்கிறது. ஊரில் எல்லார் வீட்டு முற்றத்திலும் இதே கதைதான் இருக்கும். மனுஷன் முகமே வாடிப்போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் ஏணியைப் போட்டு வளையத்தை ஏற்றிக் கொடுத்தார்.

ஏற்றியதும் போட்டேன். ஒன்றும் விழவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் களஞ்சியத்தில் போட்டது பயிற்சிக்காக மட்டும் இல்லை. அங்கே விழும், பார்க்க ஆளும் இல்லை. மெருகு பூசி முடிந்த பள்ளிக்கூட ஜிம் பத்து நிமிஷத் தூரத்தில் திறந்துதான் கிடக்கிறது. நான் போகவில்லை. என்னைத் திருப்பி அனுப்பாத வளையம் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது. இப்படி என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேனே என்று ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தோடு ஞாயிற்றுக்கிழமை ஊர் ஜிம்முக்குப் போனேன். முழங்காலை மடக்கிப் போட்டேன். தவறியது. மறுபடியும் போட்டேன். என் அணியில் இருந்த பல் மருத்துவர், "ஹேட்டி, பாஸும் குடுக்கலாம்மா, தப்பில்ல," என்றார். கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எல்லாரும் பார்க்கப் பார்க்கத் தவறவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. கர்ட் தொந்தியைக் குலுக்கிச் சிரித்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு விழ ஆரம்பித்தது. தொடர்ந்து விழுந்தது. தண்ணீர் குடிக்கப் போனவர் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

அவர் ஓடிவந்தாரே, அந்த ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை.

ஹேட்டி

*

பிலடெல்பியா
ஜூலை 28

ஹேட்டி,

இந்தக் கடிதம் எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு யார் மூலமாகவோ உனக்குத் தெரியக் கூடாது.

தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்தார்கள். அவர்களுடைய பாயிண்ட் கார்டு திடீரென்று விலகிவிட்டாள். முதல் நாளிலிருந்தே நான்தான் ஆடுவேன், போட்டிக்கு ஆளே இல்லை என்கிறார்கள். உங்கள் கல்லூரிக்கு வாய் வார்த்தைதான் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து இன்னும் போடவில்லை. ஆகஸ்ட் பத்துக்குள் போட வேண்டும்.

அம்மா சொல்கிறாள், "ஒக்கார நாற்காலி காலியா இருக்கிற எடத்துக்குப் போடி. இன்னும் ரெண்டே வருசம்தான் ஆடப்போற. எதுக்கு இன்னொருத்தி கூட மல்லுக்கட்டணும்?" அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க நின்றுகொண்டு பயணம் செய்கிறவர்களையே பார்க்கிறவள், காலி இருக்கையின் அருமை அவளுக்குத் தெரியும்.

நான் ஒளிக்காமல் கேட்கிறேன், நீயும் ஒளிக்காமல் சொல். நான் வராவிட்டால் இடம் உனக்கு. சண்டை இல்லை, சந்தேகம் இல்லை. 'வராதே' என்று ஒரு வார்த்தை எழுது. தெற்கே போய்விடுகிறேன். கோச்சிடம் உன் பெயரை எடுக்கமாட்டேன், உன் மேல் எனக்குக் கோபமும் வராது.

உனக்கு என்ன வேண்டும்?

ஸகியா

*

மில்ஸ்டோன்
ஆகஸ்ட் 3

ஸகியா,

இரவுச் சாப்பாடு முடிகிற வரைக்கும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? சோளக்கதிரைக் கடித்துக்கொண்டே மனசுக்குள் முழு சீசனையும் ஆடி முடித்துவிட்டேன். எல்லா ஆட்டத்திலும் நானே முதல் ஐவரில். 'வராதே' என்பது எழுதவும் சுலபமான வார்த்தை.

பாத்திரம் கழுவும்போது சந்தோஷம் வடிந்துவிட்டது. நீ வராவிட்டால் அந்த இடம் எனக்குக் கிடைக்கும். அதுவும் ஒரு குட்டை வளையம்தான். நான் போட்டால் விழும், நான் எப்படிப்பட்டவள் என்று மட்டும் எனக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள், பெரிய ஆட்டத்தில், யாராவது ஒரு கோச் கத்தும்போது தெரியவரும். அப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்?

இங்கே என்னைத் தடுக்கிறவர்கள் ஒரு விதை வியாபாரியும் ஒரு தண்ணீர் பாட்டில்காரரும். எனக்கு நீ வேண்டும். தினமும், பயிற்சியில், என் மூச்சு உன் மேல் படுகிற தூரத்தில். ஈவு இரக்கம் இல்லாமல். உனக்கும் நான் வேண்டும். தெற்கே உன் பாஸ் தப்பாகப் போனால் அதை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

நல்ல மனசால் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே. உன்னைத் தோற்கடிக்க முடியும் என்று நினைக்கிறேன். நிச்சயமாக நினைக்கிறேன். ஆனால் நீ இங்கே இருந்தால்தானே தோற்கடிக்க முடியும்?

வா.

ஹேட்டி

*

பிலடெல்பியா
ஆகஸ்ட் 8

ஹேட்டி,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டே திரிந்தாள். மறுநாள் உன் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். "திமிரு புடிச்சவ. போ, போய் அவ கொழுப்ப அடக்கிட்டு வா," என்று பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

பதினெட்டாம் தேதி வருகிறேன். பேருந்து நிலையத்துக்கு வராதே, நேரே ஜிம்முக்கு வா.

ஸகியா

*

விடுதி, 214ஆம் அறை
அக்டோபர் 30

ஹேட்டி,

நாலு கதவு தள்ளி இருக்கிறவளுக்குக் கடிதம். உன் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போகிறேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதை நீ பார்க்க வேண்டாம்.

முதல் ஐவரில் உன் பெயரைக் கோச் சொன்னார். என் பெயர் பெஞ்சில். உனக்கு நான் இன்னும் வாழ்த்துச் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் நீ எதிரே வந்து உட்கார்ந்தபோது தட்டோடு எழுந்து போனேன். கோபம்தான். இப்போதும் இருக்கிறது.

ஆனால் நேற்று நம் அணியே இரண்டாகப் பிரிந்து ஆடிய கடைசித் தேர்வு ஆட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். புள்ளி சமமாக நின்றது, பந்து உன் கையில், எதிரே நான். இரண்டு மாதமாக உன் ஷாட்டைப் பார்க்கிறேன். விழும் என்று எனக்குத் தெரியும். விட்டால் போட்டுவிடுவாய் என்று உன்னை ஒட்டி வந்தேன். நான் முன்னே வந்த அந்த நொடியில் என் குதிகால் தரையில் இருந்தது. நீ அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். என் தோளுக்குப் பக்கத்தில் புகுந்து போனாய். உன்னை மறிக்க இன்னொருத்தி வந்தாள். அவள் விட்டுவிட்டு வந்த முதலாண்டுப் பெண்ணின் கையில் பந்தை வைத்தாய், அவள் போட்டாள். ஷாட்டே போடாமல் ஜெயித்தாய். உன் ஷாட்டுக்குப் பயந்து நான் தோற்றேன். அந்த முழங்காலை மடக்கச் சொன்னது நான்!

கோச் விசிலை ஊதினார். நம் இருவர் ஆட்டத்தையும் குறித்துவைத்திருந்த காகிதங்களை அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை. எனக்கும் சந்தேகம் இல்லை. நீ என்னைவிட நன்றாக ஆடினாய். இதை எழுத என் கை ஒரு மணி நேரம் மறுத்தது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "வருத்தமா இருக்காடி? தெக்க போயிருக்கலாமோ?" என்றாள். ஆமாம், வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு மாதத்தில் ஆடினது போல நான் எங்கேயும் ஆடினதில்லை அம்மா என்றேன்.  "அப்ப நாளைக்கும் போய் ஆடு," என்றாள்.

ஆகவே எச்சரிக்கை. கிறிஸ்துமஸுக்குள் அந்த இடத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போகிறேன். நாளைக் காலை, அணி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஜிம்மில் இருப்பேன். தைரியம் இருந்தால் வா.

வாழ்த்துகள். சொல்லிவிட்டேன்.

ஸகியா

*

ஜிம், காலை

ஸகியா,

கதவில் ஒட்டிவிட்டு உள்ளே போகிறேன். நீ இதைப் படிக்கும்போது நான் வியர்த்திருப்பேன்.

ஹேட்டி